ஆறு மெகாவோல்ட்

என் கணவர் துணை மின் நிலையத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுப்போனால்கூடத் தெருமுனை எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார். ஆனால் பைக்கில் என்னைப் பின்னால் உட்காரவைத்து வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் ரோட்டில் போகும்போது மட்டும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். ரோட்டுக்குக் குறுக்கே உயரமான கோபுரங்களில் கம்பி போகிற இடம் வந்ததும் வேகத்தைக் குறைப்பார். "நூத்திப் பத்து" என்பார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "இது இருநூத்தி முப்பது."

அவர் சொல்வது கிலோவோல்ட். ஆயிரம் வோல்ட் சேர்ந்தால் ஒரு கிலோவோல்ட். அவர் வாயில் அது கே.வி. கல்யாணமான புதிதில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பியைக் கோபுரத்தில் படாமல் தள்ளிப் பிடித்திருக்கும் பீங்கான் தட்டுகளை எண்ணச் சொன்னார். தெரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வருகிற பதினொரு கே.வி.க்கு ஒன்றிரண்டு தட்டு போதும். நூற்றுப் பத்துக்கு எட்டு, ஒன்பது. நானூறுக்கு இருபதுக்கு மேலே. "வோல்டேஜ் ஏற ஏற கம்பி நம்மள விட்டுத் தள்ளியே நிக்கணும்மா, அவ்வளவுதான் விஷயம்" என்றார்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கிலோவை மெகாவாக்கு, மெகாவைக் கிலோவாக்கு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் படுத்துகிறவள். எனக்கு அது கரும்பலகையில் புள்ளியை மூன்று இடம் தள்ளுகிற வேலை. அவருக்கு அது தட்டுகளின் எண்ணிக்கை. இந்த வித்தியாசம் எங்கள் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயமாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு கீமோ. முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதாள். அவர்தான் போனை வாங்கி, "நான் இருக்கேன்ல, நீ பரீட்சையப் பாரு" என்றார். ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். புளி கரைக்கிற விகிதம் மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் ஒரு தடவைகூடப் பயந்து நான் பார்க்கவில்லை. ஊசி ஏற்றும் நாளில் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்தை மீட்டர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

கீமோ முடிந்து கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி கேளம்பாக்கம் ரோட்டிலேயே இருந்தது. முதல் நாள் சிகிச்சை இல்லை. ஸ்கேன் எடுத்து, நெஞ்சில் மையால் கோடு போட்டு, எந்தக் கோணத்தில் கதிர் வர வேண்டும் என்று திட்டம் போடுகிற நாள். எல்லாம் முடிந்து டாக்டரின் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதிர்வீச்சுக் கணக்கெல்லாம் போடுகிற ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் ஷூ, சட்டைப்பையில் கதிர்வீச்சை அளக்கிற சின்ன பேட்ஜ். டாக்டரிடம், "சிக்ஸ் எம்.வி. போதும் டாக்டர், இவங்க ஒல்லிதான்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று போனதும் திரும்பி வந்ததும் பஸ்ஸில்தான். நெஞ்சில் கோடு அழியாமல் இருக்க வேண்டும், பைக்கில் வெயில் பட்டு வியர்த்துப்போகும் என்று அவரே சொன்னார். திரும்பும்போது ஜன்னல் ஓரம் என்னை உட்காரவைத்தார். கம்பிகள் ரோட்டைக் கடக்கிற இடம் வந்தது. நான் அவருடைய எண்ணுக்காகக் காத்திருந்தேன். அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கோபுரமும் போயிற்று.

இரும்புலியூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அந்த எம்.வி.ன்னு சொன்னாங்கள்ல, அது சின்ன எம்மா, பெரிய எம்மா?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பிள்ளைகள் விடைத்தாளில் மார்க் குறைகிற இடம் அது. சின்ன எம் போட்டால் மில்லி. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எம் போட்டால் மெகா. பத்து லட்சம் வோல்ட். எழுத்தில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். காதில் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

"பெரிய எம்தாங்க" என்றேன். "மில்லிவோல்ட்ல என்ன வைத்தியம் பண்ண முடியும்? டார்ச் செல்லுலயே ஒண்ணரை வோல்ட் இருக்கு."

"அப்போ ஆறு மெகாவோல்ட்."

"ஆமா."

டீபாய்க் கண்ணாடியில் காபி டம்ளர் வைத்த ஈரம் வட்டமாக இருந்தது. அதைத் தொட்டு, விரலால் ஆறு போட்டார். பக்கத்தில் மூன்று பூஜ்யம் போட்டார். அவர் வேலையில் மெகாவாட் உண்டு. மெகாவோல்ட் என்று எந்தப் போர்டிலும் அவர் பார்த்ததில்லை. பார்த்ததிலேயே பெரிய லைன் எழுநூற்று அறுபத்தைந்து கே.வி. அதுவே ஒரு மெகாவோல்ட்டில் முக்கால்தான். நானூறு கே.வி. என்று அவர் அண்ணாந்து பார்க்கிற கோபுரத்தை மெகாவில் எழுதினால் வெறும் புள்ளி நான்கு.

"ஆறாயிரம் கே.வி." என்றார். மனசுக்குள் தட்டுகளை எண்ணிவிட்டு, "முந்நூறு தட்டுக்கு மேல வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் வேறு ஆளாக இருந்தார். அரைக் கரண்டி சோறுதான் சாப்பிட்டார். தாம்பரம் சானடோரியம் கடைவீதிக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அடி இரண்டு விரல் தடிமன். போட்டுக்கொண்டால் பெரியவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி நடக்க வேண்டியிருந்தது. மெட்டியைக் கழற்றி வைத்துவிடலாமே என்றார். தாலிச் செயினை எப்படியும் கழற்றச் சொல்வார்களே என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். வேறு ஆஸ்பத்திரியில் வோல்டேஜ் குறைத்துக் கொடுப்பார்களா என்று விசாரிக்கலாமா என்றார். "அந்த மெஷினுக்கு எர்த்திங் எப்பப் பாத்தாங்கன்னு கேட்டா கோவிச்சுக்குவாங்களா?" என்றும் ஒரு தடவை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் முதல் சிகிச்சை. நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் வந்து நின்று, "ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உடம்புல இருக்கிறது தள்ளிப் போகுமாங்க? மயக்க ஊசி போட்டு அறுத்தப்போ பயப்படல. முடி மொத்தமா கொட்டினப்போ பயப்படல. இப்ப என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் தரையில் என் எதிரே உட்கார்ந்தார். ஒரு கீரைத் தண்டை எடுத்து உரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின கதை. அவர் அப்போது லைன் வேலையில் இருந்தார். கூட ஒருவர் இருந்தார், அவரைவிட நான்கைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவாராம். புயல் மழைக்கு அப்புறம் ஒரு நாள் பதினொரு கே.வி. லைனை ஆஃப் பண்ணிவிட்டு அந்த அண்ணன் கம்பத்தில் ஏறியிருக்கிறார். இவர் கீழே நின்றிருக்கிறார். லைனில் கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டிலோ ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். மெயினை இறக்காமல் போட்டதால் வீட்டுக் கரண்ட் திரும்பி ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் போய், அது அதைப் பதினொரு கே.வி.யாக்கி மேலே அனுப்பிவிட்டது.

"சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு" என்றார். "அப்புறம் வாசனை. பெல்ட்ல தொங்கினாரு. நான்தான் ஏறி இறக்கினேன். வலது கை முழங்கை வரைக்கும்..." நிறுத்தினார். தண்டை உரிப்பதையும் நிறுத்திவிட்டார்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. ஊரப்பாக்கத்துல கடை வெச்சிருக்காரு. நான் போய்ப் பாக்கறதில்ல. கையில்லாம மடிச்சு விட்ட அந்தச் சட்டையப் பாத்தா எனக்குத் தாங்கல."

இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை என்னிடம் சொன்னதில்லை. ஃபேன் ரெகுலேட்டரைக்கூட ஏன் தொட மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கீரைக் கையோடு அவர் கையைப் பிடித்தேன்.

"அது பதினொண்ணும்மா" என்றார். "வெறும் பதினொண்ணு. இது ஆறாயிரம். நீ அங்க தனியா படுத்திருப்ப. நான் கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன்."

மெகாவைக் கிலோவாக்கத் தெரிந்த எனக்கு அந்த ஆறு மெகாவோல்ட் என் உடம்பில் என்ன செய்யும் என்று சரியாகத் தெரியாது. எனக்கும் லேசாகப் பயம் தொற்றிக்கொண்டது. "நாளைக்குச் சீக்கிரமே போவோம். அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடுவோம்" என்றேன்.

மறுநாள் ரப்பர் செருப்போடுதான் போனேன். அதையாவது போட்டுக்கொண்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் காரிடாரில் டீ கப்போடு வந்துகொண்டிருந்தார். "மேடம், இவர் எலக்ட்ரிக்கல்ல இருக்கார். அந்த ஆறு எம்.வி. பத்தி ஒரு சந்தேகம் இருக்கு அவருக்கு" என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இன்னும் பேஷன்ட் ஏத்தல. உள்ள வாங்க சார், மெஷினையே காட்டுறேன்" என்றார்.

சுவர் ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கிற அகலம். கதவைத் தாண்டி வளைந்து உள்ளே போனால் பெரிய வெள்ளை மெஷின், அதற்குக் கீழே ஒடுக்கமான படுக்கை. என் கணவர் வாசலிலேயே நின்றார். மேலே, பக்கவாட்டில் என்று எதையோ தேடினார். தட்டுகளைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆறாயிரம் கே.வி. எங்க மேடம் நிக்குது?" என்றார்.

"எங்கயும் நிக்கல சார்" என்றார் அந்தப் பெண். "இந்த ரூம்ல எந்த ரெண்டு இடத்துல மீட்டர் வெச்சாலும் ஆறாயிரம் காட்டாது. இது உள்ள ஒரு குழாய் இருக்கு. எலக்ட்ரானை அதுல விட்டு மைக்ரோவேவால தள்ளிக்கிட்டே போவோம். ஊஞ்சலைச் சின்னச் சின்னதா தள்ளித் தள்ளி உயரம் ஏத்துற மாதிரி. வெளிய வரும்போது ஆறு மெகாவோல்ட்டைத் தாண்டி வந்தா எவ்வளவு வேகம் இருக்குமோ அவ்வளவு இருக்கும். அது போய் ஒரு உலோகத்துல மோதும். மோதின இடத்துல எக்ஸ்ரே பொறக்கும். உங்க வைஃப் மேல வர்றது அந்த எக்ஸ்ரே மட்டும்தான். கரண்ட் கிடையாது."

"அப்போ ஏன் வோல்ட்டுல சொல்றீங்க?"

"பழக்கம் சார். ஆரம்பத்துல வந்த எக்ஸ்ரே மெஷின்ல நிஜமாவே அத்தனை வோல்ட்டைக் கொடுத்துதான் எக்ஸ்ரே எடுத்தாங்க. சாதா எக்ஸ்ரேல இன்னிக்கும் அப்படித்தான். மேடத்துக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்திருப்பாங்களே? அது நூறு, நூத்திப் பத்து கே.வி. வரும்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நூத்திப் பத்தா?"

"ஆமா சார். ஷாக் அடிச்சுதா அவங்களுக்கு?"

அவருக்கு முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் விடவில்லை. "அப்போ அந்த நூத்திப் பத்துலயே கொடுத்துடக் கூடாதா? எதுக்கு ஆறாயிரம்?"

"கொடுக்கலாம் சார், தோல் வெந்துடும்" என்றார் அந்தப் பெண். "கே.வி.ல கொடுத்தா வேகம் கம்மி, பெரும்பாலும் தோல்மேலயே இறங்கிடும். மெகாவோல்ட்ல போனா தோலைத் தாண்டி உள்ள போய்தான் முழு வேலையும் செய்யும். வோல்டேஜ் கூட இருக்கிறதுதான் இவங்க தோலுக்கு நல்லது."

என் கணவர் உள்ளே வந்து படுக்கையைத் தொட்டுப் பார்த்தார். வோல்டேஜ் கூடக் கூடத் தள்ளி நில் என்று ஆயுசு முழுக்கப் பழகிய மனிதர். அவரிடம் போய், கூட இருப்பதுதான் நல்லது என்று ஒரு பெண் சொல்கிறாள். "தேங்க்ஸ்மா" என்றார். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில்தான் மா போட்டார்.

தாலிச் செயினைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஆடாமல் படுக்கச் சொன்னார்கள். கனமான கதவு மூடியது. ஏசி குளிர் கடுமையாக இருந்தது. மெஷின் என்னைச் சுற்றி மெதுவாக நகர்ந்து, ஒரு பக்கம் நின்று, கரகரவென்று சத்தம் போட்டது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. ஊசி குத்துகிற அளவுகூட இல்லை. ஆறாயிரம் கே.வி. என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய எண்ணுக்கு என் உடம்பில் ஒரு சிலிர்ப்புகூட இல்லாதது எனக்கே விநோதமாக இருந்தது. கதவு திறந்ததும் அவர்தான் முதலில் தெரிந்தார்.

"ஷாக் எதாச்சும்?"

"குளிருதுங்க. அடுத்த தடவை சாக்ஸ் எடுத்துட்டு வரணும்."

அவர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கண்ணைத்தான் துடைக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது. அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் வாரத்தில் ஐந்து நாள் போய் வந்தோம். போகப் போக நெஞ்சில் தோல் சிவந்தது, அக்குளில் கொஞ்சம் கறுத்து உரிந்தது. மெகாவோல்ட் தோலை விட்டுவைக்கும் என்றாலும் மொத்தமாக விட்டுவிடாது. டாக்டர் கொடுத்த களிம்பை அவர்தான் தடவிவிட்டார். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனி உறுத்தும் என்று சுண்டு விரலால் தடவுவார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஈரப் பெயிண்டைத் தொடுகிற மாதிரி. "எரியுதா?" "இல்ல." "நிஜமா சொல்லு." "கொஞ்சம்." பிறகு வாயைக் குவித்து ஊதுவார்.

சிகிச்சை முடியப்போகிற வாரத்தில் ஒரு நாள் வண்டலூரில் பஸ் மாறுகிற இடத்தில், "ஊரப்பாக்கம் போய்ட்டு வரலாமா?" என்றேன். அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பள்ளிக்கூட சாமான்கள். அந்த அண்ணன் இடது கையால் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி, தாடையால் அழுத்திப் பிடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் பேப்பரை அப்படியே விட்டுவிட்டார். அது உருண்டு விரிந்துகொண்டது.

"டேய்! இன்னாடா, வழி தெரிஞ்சுதா உனக்கு?"

என் கணவர் வாசலிலேயே நின்றார். "அண்ணா" என்றார். அந்த அண்ணன் வெளியே வந்து இடது கையால் அவர் கழுத்தைக் கட்டி இழுத்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். ஒரு பெண் ரீசார்ஜுக்குக் காசை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல், "இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். கதிர்வீச்சைப் பற்றிச் சொன்னதும் என் கணவர் இடையில் புகுந்தார்.

"ஆறு மெகாவோல்ட்ணா. ஆறாயிரம் கே.வி."

அந்த அண்ணன் கண்ணை விரித்தார். மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி, பதினொண்ணுலயே எனக்குக் கை பூட்ச்சு. ஆறாயிரத்த வாங்கிகினு தங்கச்சி ஜோரா குந்திகினு கீது பாரு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெஞ்சில் புண் இழுத்தது, ஆனாலும் சிரித்தேன். என் கணவரும் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அப்போதுதான். எலக்ட்ரான், ஊஞ்சல், எக்ஸ்ரே என்று அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவர் அந்த அண்ணனுக்கு ஆதியிலிருந்து விளக்க ஆரம்பித்தார். பாதி தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. கடைக்குள் இருந்த அண்ணனின் மனைவி பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். நாங்கள் கிளம்பும்போது அண்ணன், "மாசத்துக்கு ஒரு வாட்டியாவது வா. இல்லாங்காட்டி நான் அங்க வந்துடுவேன்" என்று மிரட்டினார். என் கணவர் இப்போது போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து முதல் பரிசோதனைக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு முடி ஒரு விரல் கடை வளர்ந்திருந்தது. சுருட்டையாக வருகிறது, முன்பு அப்படி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்துவிட்டு, எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி நேராகத் தாம்பரம் வரை போகிற பஸ் பிடித்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. நல்ல தூக்கம். பெருங்களத்தூரில் கூட்டம் ஏறி இறங்கியது, அதற்கும் அசையவில்லை.

இரும்புலியூர் வந்தபோது கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் கொடுக்காமல் நின்றார்.

"மேடம், உங்க ஸ்டாப்பிங். சாரை எழுப்புங்க."

"வேணாங்க, தூங்கட்டும்" என்றேன். "தாம்பரத்துக்கு ரெண்டு டிக்கெட் கொடுங்க."